கிருமிக்குப் பொன்னாடை

"இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க சார். இன்னும். ஆங், அப்படியே இருங்க. அய்யோ, என்ன அழகு!"

"ஆ... ஆகா?"

"அழகான்னு கேக்கறீங்களா? ஆமா சார். இப்படி ஒரு குழியை நான் போட்டோலகூடப் பாத்ததில்ல. ஆடாதீங்க, பஞ்சு ஈறுல பட்டுடும்."

பஞ்சு வெளியே வந்தது. தேவானந்தம் தாடையைக் கையால் பிடித்து மெல்ல மூடினார்.

"நான் பல்லைப் புடுங்கத்தாம்மா வந்தேன்."

"புடுங்கிடலாம் சார். அடுத்த வாரம் வாங்க. முதல்ல உங்க கிருமி வளரணும்."

"கிருமி சாகணும்னுதானே இந்த இடத்தையே கட்டி வெச்சிருக்கீங்க?"

"வளந்தாதானே சார் சாகடிக்க முடியும்?"

அந்தப் பெண் பஞ்சுக் குச்சியைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, கைக்குழந்தையைத் தூக்கிப் போவதுபோல் எடுத்துப் போனாள். அவள் சொன்னதில் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று தேவானந்தம் சற்று யோசித்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. வீட்டுக்குப் போனார்.

அவர் சிட்லபாக்கத்துக்காரர். கிண்டியில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. அலுவலகத்தில் அவரை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், பாடகர் குழுவான கொயரில் அவர் வாயைத் திறந்தால் பின்வரிசைப் பெஞ்சுகள் அதிரும். அப்படி ஒரு அடித்தொண்டை. ஒவ்வொரு வருடமும் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனையில் ஒரு பாட்டின் கடைசி வரியை அவர் மட்டும் தனியாகப் பாடுவார். அந்த வரி படிப்படியாகக் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் கீழே போகும். அடியைத் தொடும்போது தாடையை முழுக்கத் தளர்த்தித் திறக்க வேண்டும். இந்த வருடம் திறந்தால், கீழ் இடது கடைவாய்ப் பல் காதுவரை ஓர் ஊசியை ஏற்றியது. மாதக்கணக்கில் முன்பே தொடங்கிவிடும் ஒத்திகையில் அவர் அந்த இடத்தில் நின்றுபோவதை கொயரில் ஜோனத்தான் என்கிற இளைஞன் கவனித்துவிட்டான். "அங்கிள், நீங்க ரெஸ்ட் எடுங்க. அந்த லைனை நான் பாத்துக்கறேன்" என்று மிகுந்த அன்போடு சொன்னான். அந்த அன்பு பல்வலியைவிட அதிகமாக வலித்தது.

அதனால்தான் அவர் கிழக்குத் தாம்பரத்தில் இருந்த தென்னக மூலிகைப் பல்நல ஆய்வு மையத்துக்குப் போனார். பல்லைச் சொத்தையாக்கும் கிருமியைக் கொல்ல ஒரு மூலிகையைக் கண்டுபிடிப்பதே அந்த மையத்தின் வேலை. இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அதன் முகப்பில் ஒரு வேப்பிலை பொறித்த வளைவு உண்டு, பின்னால் ஒரு கேன்டீன் உண்டு, நடுவில் பொதுமக்களுக்கு இலவசமாகப் பல் பிடுங்கும் அறையும் உண்டு.

அடுத்த வாரம் அவர் போனபோது அந்த அறை பூட்டியிருந்தது. பஞ்சு எடுத்த பெண், விஷ்ணுப்ரியா, அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கையில் ஒரு வட்டக் கண்ணாடித் தட்டோடு ஓடி வந்தாள்.

"சார், இதைப் பாருங்க. வெள்ளையாப் படந்திருக்கே, அது பூரா உங்க கிருமி. நடுவுல குழி போட்டு ஒவ்வொண்ணுலயும் ஒரு இலைச் சாறு ஊத்துவோம். கிருமி செத்தா குழியைச் சுத்தித் தெளிவா ஒரு வளையம் விழும். மத்தவங்க கிருமி எல்லாம் வேப்பிலைன்னா ஒதுங்கிடும். உங்களோடது மதிக்கவே இல்ல சார்!"

உண்மைதான். வேப்பஞ்சாறு ஊற்றிய குழியின் விளிம்புவரைக்கும் கிருமி போய், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அதனால பல்லை..." என்று தேவானந்தம் தொடங்கியபோது, மையத்தின் இயக்குநர் டாக்டர் ஷ்யாம்சுந்தர் ஊழியர்கள் புடைசூழ உள்ளே வந்தார். ஒலிபெருக்கி எங்கிருந்தோ முளைத்தது. அந்த மையத்தில் சோதனைக்குழாய் தட்டுப்பாடு உண்டு. ஒலிபெருக்கித் தட்டுப்பாடு இருந்ததே இல்லை.

"நண்பர்களே!" என்றார் இயக்குநர். "நோஞ்சான் கிருமியைக் கொல்வதில் என்ன பெருமை? இத்தனை காலம் நம்மிடம் தரமான எதிரி இல்லை. தரமான எதிரி இல்லாததால் தரமான நிதி இல்லை. தரமான நிதி இல்லாததால் இந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் இல்லை. இன்று இந்தப் பெரியவரின் வாயிலிருந்து நமக்கு லிஃப்டே கிடைத்திருக்கிறது!"

கைதட்டல் அடங்குவதற்குள் தேவானந்தத்தின் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. அத்தோடு 'கௌரவ ஓம்புநர்' என்கிற பட்டமும் விழுந்தது. கிருமிக்குத் தன் உடம்பில் இடம் கொடுத்து வளர்ப்பவர்தான் ஓம்புநர் என்று விஷ்ணுப்ரியா காதில் விளக்கினாள்.

தேவானந்தத்துக்கு ஒரு பலவீனம் இருந்தது. தோளில் துணி விழுந்துவிட்டால் அவரால் எதையும் மறுக்க முடியாது. பட்டும் படாமலும் அந்தச் சரிகை கழுத்தில் உரசும்போது, தன்னிடம் எல்லோரும் இவ்வளவு மரியாதையாக இருக்கையில் தன் பல்லைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று அவருக்குத் தோன்றிவிடும். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

கதவைத் திறந்த ஜெயசீலி அவர் கன்னத்தைப் பார்த்தாள். அவள் பள்ளியில் கணக்கு டீச்சர். விடையை முதலில் பார்ப்பது பழக்கம்.

"பல்லு எங்கே?"

"இருக்கு."

"தோள்ல என்ன?"

"பொன்னாடை."

"பல்லைக் கழட்டச் சொல்லி அனுப்பினா துணியை மாட்டிவிட்டு அனுப்பறாங்க. என்னங்க ஆஸ்பத்திரி அது?"

"ஆஸ்பத்திரி இல்ல ஜெயா. ஆராய்ச்சி மையம்."

"அதான் கேக்கறேன்."

அதற்குப் பிறகு அவரை மூலிகைத் தேர்வுக் குழுக் கூட்டத்துக்குச் சிறப்பு அழைப்பாளராகக் கூப்பிட்டார்கள். கூட்டம் முடிந்ததும் பல்லைப் பற்றிப் பேசலாம் என்று போனார். குத்துவிளக்கு ஏற்றி, முன்னாள் இயக்குநர்கள் அனைவரையும் நினைவுகூர்ந்த பிறகு, தட்டு மேஜைக்கு வந்தது. வேப்பிலையைச் சுற்றி வளையம் இல்லை. நாயுருவிக்கு, இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒன்று இருந்தது. ஓரத்தில் ஒரு குழியைச் சுற்றி மட்டும் பளிச்சென்று பத்து ரூபாய் நாணயம்போல் வளையம்.

"இது யாரு?" என்றார் இயக்குநர்.

"கொய்யா இலை சார்" என்றாள் விஷ்ணுப்ரியா.

இயக்குநர் நாற்காலியை முன்னால் இழுத்தார். "கொய்யாவா? கேன்டீன் பின்னாடி நிக்குதே, அந்த மரமா?"

"ஆமா சார்."

"அதை யாரு சோதிக்கச் சொன்னது?"

"ஒரு குழி மிச்சமிருந்தது சார்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரும்மா. இந்த மையத்துக்குன்னு ஒரு பணிமூப்பு இருக்கு. வேம்புதான் சீனியர். லோகோவுல இருக்கு, லெட்டர்ஹெட்டுல இருக்கு, வாசல் வளைவுல இருக்கு. அதுக்கப்புறம் கருவேலம், அதுக்கப்புறம் நாயுருவி. இத்தனை பேர் வரிசையில நிக்கும்போது, நேத்து கேன்டீன்லேர்ந்து வந்த கொய்யா முன்னாடி வந்து நிக்குதுன்னா, அது ஆராய்ச்சியில்ல, ஒழுங்கீனம். செடிக்கு இதை அனுமதிச்சா நாளைக்கு ஸ்டாஃபும் ஆரம்பிப்பாங்க."

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள்; அவர்களில் பலர் பதவி உயர்வுக்கு வரிசையில் நிற்பவர்கள். வேம்புக்கு வளையம் விழும்வரை வேறு யாருடைய வளையத்தையும் அளக்கக் கூடாது என்று ஒருமனதாக முடிவானது. தேவானந்தம் எழுந்து, "என் பல்லு விஷயமா..." என்றார். அடுத்த பொன்னாடை அவரை உட்கார வைத்தது.

வேறு வழியில்லாமல் வீட்டருகே இருந்த பல் மருத்துவர் ஷெர்வினிடம் போனார். ஷெர்வின் விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தான். உடனே விளக்கை அணைத்தான்.

"அங்கிள், இது அந்தப் பல்லா?"

"எந்தப் பல்லு?"

ஷெர்வின் போனை எடுத்துக் காட்டினான். மையத்தின் சுற்றறிக்கை. நடுவில் அவருடைய எக்ஸ்ரே படம். கீழே, 'மேற்கண்ட பல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது. கண்டால் தொடாமல் தகவல் தரவும்.'

"கூடுவாஞ்சேரியிலேர்ந்து கிண்டி வரைக்கும் எல்லா டாக்டர்ஸுக்கும் வந்திருக்கு அங்கிள். டைரக்டர் சார்தான் எனக்கு வைவா எடுத்தாரு. நான் இதுல கை வெச்சா நாளைக்கு வாசல்ல போர்டு இருக்காது." அவருடைய முகத்தைப் பார்த்து ஷெர்வினுக்கே மனசு கேட்கவில்லை. "வேணும்னா வேற பல்லு எதுனா எடுத்து விடவா? பக்கத்துல ஒண்ணு நல்லாத்தான் இருக்கு."

தேவானந்தம் யோசிக்க நேரம் கேட்டுக்கொண்டு வந்தார்.

இந்த நிலையில்தான் ஆயுத பூஜை வந்தது. அந்த மையத்தில் ஆயுத பூஜை மிகச் சிறப்பாக நடக்கும். நுண்ணோக்கிக்கு மாலை, தராசுக்குப் பொட்டு, பல் பிடுங்கும் குறட்டுக்கு எலுமிச்சம்பழம். இந்த வருடம் யாரோ ஒருவருக்கு, தொழிலுக்குத் துணை நிற்பதெல்லாம் ஆயுதம் என்றால் கிருமியும் ஆயுதம்தானே என்று தோன்றியது. நல்ல யோசனை என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஒவ்வொரு தட்டின் மூடியையும் திறந்து, கிருமியின்மேல் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்தார்கள். சீரியல் பல்பு போட ஒரு பிளக் பாயின்ட் குறைந்தது. மூலையில் எதற்கென்றே தெரியாமல் உறுமிக்கொண்டிருந்த ஒரு ஃப்ரீசரைப் பிடுங்கிவிட்டு அதில் மாட்டினார்கள். விளக்குகள் பச்சையும் சிவப்புமாக விடுமுறை முழுக்க ஜொலித்தன.

விடுமுறை முடிந்து விஷ்ணுப்ரியா வந்தபோது, தட்டுகளில் பூஞ்சைக்காளான் தழைத்திருந்தது. ஃப்ரீசரில் சேமித்து வைத்திருந்த கிருமி முழுவதும் செத்திருந்தது. அதைக் கொல்லத்தான் இத்தனை வருடம் மையம் முயன்றுகொண்டிருந்தது என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. இயக்குநர் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடலாமா என்று விசாரித்தார்.

அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது, உலகத்தில் அந்தக் கிருமி உயிரோடு இருக்கிற ஒரே இடம் சிட்லபாக்கத்தில் இருக்கிறது என்று.

தேவானந்தத்தின் வீட்டுக்குக் கார் வந்தது. இயக்குநர் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "சார், டெல்லியிலேர்ந்து நிதிக்குழு வருது. அதுவரைக்கும் கிருமியை நீங்கதான் காப்பாத்தணும். பல் தேய்க்காதீங்க. உப்புத் தண்ணி வேண்டாம். கிராம்பு பக்கமே போகாதீங்க. தினமும் மூணு வேளை இனிப்பு சாப்பிடணும், நாங்களே அனுப்பிடறோம்."

"பல் சொத்தையைத் தடுக்கற மையம்தானே சார் நீங்க?" என்று ஜெயசீலி கேட்டாள்.

"ஆமாம்மா. அதுக்குத்தானே இவ்வளவு பாடுபடறோம்" என்றார் இயக்குநர், கண் கலங்க.

மறுநாளிலிருந்து 'ஓம்புநர் ஊட்டத் திட்டம்' நடைமுறைக்கு வந்தது. கேன்டீன் மாஸ்டர் பொன்னுரங்கம் தானே மொபெட்டில் டிபன் கேரியரோடு வந்து நின்றார்.

"இன்னா சார், ஒன் கிருமிக்கு லட்டு புடிக்குமா, ஜாங்கிரி புடிக்குமா? ஆபீஸ்ல கேட்டுனு வர சொன்னாங்கோ."

"எனக்கு வலி உயிர் போகுது மாஸ்டர்."

"ஒன்ன யாரு சார் கேட்டா? கிருமிக்கு இன்னா வோணும்னு கேக்குறேன்." பொன்னுரங்கம் அவருடைய வீங்கிய கன்னத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "பேஜாரா பூட்ச்சே சார். மூஞ்சே ஒரு பக்கம் பன்னு மாரி கீது. எங்க கேன்டீனுக்கு வா, அந்தப் பொண்ணு ஒன்ன பாக்கணும்னு அய்துனு கீது."

விஷ்ணுப்ரியா உண்மையில் அழவில்லை. ஆனால் கேன்டீனுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் நின்றுகொண்டு, யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடி இருந்தாள். தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சார், இந்த இலையைக் கொதிக்க வெச்சு அந்தத் தண்ணியில வாய் கொப்புளிச்சுப் பாருங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"யாரும்மா சொன்னாங்க இந்த வைத்தியம்?"

"நம்ம ஆராய்ச்சிதான் சார். நீங்களும் கூட்டத்துல இருந்தீங்களே!"

பொன்னுரங்கம் மேலே எட்டி ஒரு கொத்து ஒடித்து, டிபன் கேரியரின் அடித்தட்டில் வைத்து, மேலே ஜாங்கிரியை அடுக்கி மூடினார். அன்றிலிருந்து மேல்தட்டு கிண்டி அலுவலகத்துக்கும் அடித்தட்டு ஜெயசீலியின் அடுப்புக்கும் போனது. அலுவலகத்தில் அவரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "தேவா சார், மையம் நீடூழி வாழணும்" என்று மேனேஜரே வந்து ஜாங்கிரி எடுத்துக்கொண்டார். வீட்டில் ஜெயசீலி துவர்ப்புத் தண்ணீரை டம்ளரில் ஆற்றி, "துப்பாதீங்க, இன்னும் கொஞ்சம் வெச்சிருங்க" என்று கணக்குப் பரீட்சை மேற்பார்வையாளர்போல் எதிரே நின்றாள்.

கன்ன வீக்கம் வடிந்தது. ஊசி மழுங்கியது. பல்லின் குழி மட்டும் அப்படியே இருந்தது. அதில் பருக்கை மாட்டினால் நட்சத்திரம் தெரிந்தது. கடைசி வரியின் அடிக்கு இறங்கினால் தாடை இன்னும் முரண்டு பிடித்தது. அவர் மறுபடி திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஜோனத்தான் அன்போடு எழுந்து நின்றான்.

டெல்லிக் குழு வருவதற்கு முன்னால் புதிதாகப் பஞ்சு எடுத்தார்கள். தட்டில் ஏறக்குறைய ஒன்றுமே முளைக்கவில்லை. விஷ்ணுப்ரியாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு மூலிகை, ஒரு மனித வாயில், அந்த முரட்டுக் கிருமியை அடக்கிவிட்டது! அவள் தட்டோடு இயக்குநர் அறைக்குள் ஓடினாள். இயக்குநர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"யாரோ மூலிகையை உபயோகிச்சிருக்காங்க!"

"ஆமா சார்!"

"நம்ம மையத்துக்குள்ளயே மூலிகை புகுந்திருக்கு!"

"சார், மூலிகைதானே கிருமியைக் கொல்லணும்..."

"கொல்லட்டும்மா. யாரு வேண்டாம்னா? அனுமதி வாங்கிட்டுக் கொல்லணும்." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நாளைக்கு டெல்லி மேடம் வந்து கிருமி எங்கேன்னு கேட்டா, செத்துப்போச்சுன்னு சொல்லவா? எப்படிச் செத்துதுன்னு கேட்டா, இலை போட்டுக் கொன்னுட்டோம்னு சொல்லவா? மானம் போயிடாதா?"

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. கொய்யா மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, காவலுக்கு ஆள் போட்டார்கள். கேன்டீனில் எல்லோர் வாயையும் முகர்ந்து பார்த்தார்கள். பொன்னுரங்கத்தின் வாயை முகர்ந்தவர் அன்று அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

டெல்லிக் குழுவுக்கான வரவேற்பு விழா அன்று அந்தக் காலித் தட்டைப் பட்டுத்துணியால் மூடி மேடையில் வைத்திருந்தார்கள். காற்று பட்டால் கிருமிக்கு ஆகாது, அதனால் திறக்க முடியாது என்று அறிவிப்பு. தேவானந்தம் கொயர் உடையில், வெள்ளைச் சட்டையும் சிவப்பு டையுமாக, நேராக ஒத்திகைக்குப் போகிற ஏற்பாட்டில் வந்திருந்தார். கேரல் ஆராதனை அந்த ஞாயிற்றுக்கிழமை. கிளம்பும்போது ஜெயசீலி வாசல்வரை வந்து டையைச் சரிசெய்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல்களில் பொன்னாடைகள் திரைச்சீலைகளாகத் தொங்கின. ஹாலில் இனி ஜன்னல் மிச்சமில்லை.

"ஒரே ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. துணி தோள்ல விழறதுக்கு முன்னாடி பேசிடணும். விழுந்தப்புறம் உங்களால முடியாது."

"சரி ஜெயா."

"விழறதுக்கு முன்னாடி."

நிதிக்குழுத் தலைவி தேவதர்ஷினி, அதிகம் பேசாத பெண்மணி. வரவேற்புரை முடிந்து, முன்னாள் இயக்குநர்கள் நினைவுகூரப்பட்டு, வேப்பிலை லோகோவுக்கு மலர் தூவப்பட்ட பிறகு, டாக்டர் ஷ்யாம்சுந்தர் எழுந்தார்.

"அம்மையார் அவர்களே! இந்தக் கிருமியை நாங்கள் எங்கள் குழந்தையாக வளர்த்து வருகிறோம். இதற்காக இனிப்பு வழங்கினோம். பல் துலக்குவதைத் தடுத்தோம். மருத்துவர்களைக் கட்டுப்படுத்தினோம். இது வாழும்வரை எங்கள் ஆராய்ச்சி வாழும், இது ஒழிக என்று எங்கள் ஆராய்ச்சி முழங்கும்!"

கைதட்டினார்கள். தேவதர்ஷினி மைக்கின் பக்கம் லேசாகச் சாய்ந்தார். "டாக்டர், மருந்து கண்டுபிடிச்சாச்சா?"

"மேடம், கண்டுபிடிச்சுட்டா அப்புறம் நாங்க எதுக்கு?" என்று இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரம் அவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

தேவதர்ஷினி சிரிக்கவில்லை. பட்டுத்துணி மூடிய தட்டைப் பார்த்தார். மேடை ஓரத்தில் விஷ்ணுப்ரியா தன் கைவிரல்களை ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் பொன்னுரங்கம், மடியில் டிபன் கேரியரோடு, பாதிப் படத்தில் வந்து உட்கார்ந்தவர்போல் ஆவலாக இருந்தார்.

"இப்போது, நம் கௌரவ ஓம்புநருக்குப் பொன்னாடை!" என்று இயக்குநர் அவசரமாக அறிவித்தார்.

இதுவரை போட்டதிலெல்லாம் பெரியது அது. கையகலச் சரிகை. இயக்குநர் அதை இரு கையாலும் விரித்துக்கொண்டு நெருங்கினார். சரிகையின் வாசனை மூக்கில் ஏறியதும் தேவானந்தத்தின் கைகள் வழக்கம்போல் தாமாகவே கும்பிடத் தொடங்கின. பாதிக் கும்பிடில் ஜெயசீலியின் முகம் நினைவுக்கு வந்தது. கும்பிடப் போன கைகளை அப்படியே நீட்டி, மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்" என்றார்.

கிணற்றின் அடியிலிருந்து வந்தது அந்தக் குரல். ஒலிபெருக்கி அதிர்ந்தது, தண்ணீர் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டன, தட்டின்மேல் இருந்த பட்டுத்துணி நழுவிக் கீழே விழுந்தது. பளிங்குபோல் சுத்தமான தட்டைச் சபை முழுவதும் பார்த்தது. இயக்குநரின் கைகளில் பொன்னாடை, தேவானந்தத்தின் தோளுக்கு மேலே, அந்தரத்தில் நின்றது. தேவதர்ஷினி தட்டைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், பிறகு தேவானந்தத்தைப் பார்த்து, சொல்லுங்கள் என்பதுபோல் தலையை அசைத்தார்.

தேவானந்தம் சரிகையைத் தொட்டுவிடாதபடி தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, வலது கை ஆள்காட்டி விரலை வாய்க்குள் விட்டுக் கீழ் இடது பக்கத்தைக் காட்டினார். பிறகு விரலை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் புரியும்படி நிதானமாகக் கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை நான் பாடணும். இந்தத் துணி விழறதுக்குள்ள, உங்கள்ல யாராவது ஒருத்தர், தயவுபண்ணி இந்தப் பல்லைப் புடுங்கி விடறீங்களா?"